ஒத்தக்காலில் நிற்கும் அம்மா – சங்கரன்கோவில் கோமதி அம்பாள்

ஓம் சரவணபவ!


போன வாரம் நம்ம குழுவில் ஒரு அன்பர் கேட்டிருந்தார். "இது முருகன் குழுதானே, அடிக்கடி அம்மன் கோவில் பதிவா வருதே, எதுக்கு?" கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா அதுக்குக் கீழே வந்த பதில்களைப் படிச்சப்பதான் மனசு கஷ்டமாப் போச்சு. ஒருத்தர் முருகன்தான் பெரியவர்னு எழுத, இன்னொருத்தர் சக்தி இல்லாம வேல் ஏதுன்னு எழுத, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நடந்துச்சு. ரெண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க.

அவங்க ரெண்டு பேரும் திரும்ப வரணும்னு முருகனை வேண்டிக்கிட்டு இதை எழுதுறேன். ஏன்னா இதே சண்டையைப் போட்ட ரெண்டு பேரோட கதையாலதான் எங்க பக்கத்துல ஒரு பெரிய கோவிலே பிரசித்தம் ஆச்சு.

எங்க ஊர் சிவகிரி. இப்போ தென்காசி மாவட்டம். தனித் தாலுகா ஆகிறதுக்கு முன்னாடி சங்கரன்கோவில் தாலுகாவில்தான் இருந்தது. மேற்கே பார்த்தா மலைத்தொடர். ஊருக்குக் காவலா பாலசுப்பிரமணிய சுவாமி. எங்க வீட்ல எந்த நல்ல காரியம்னாலும் முதல் தேங்காய் முருகனுக்கு. ஆனா ஆடி மாசம் பொறந்துட்டா ஊரே பேசுறது சங்கரன்கோவில் தபசைப் பத்தித்தான்.

முதல்ல கதையைச் சொல்லிடுறேன். தெரிஞ்சவங்களும் இன்னொரு தடவை படிங்க, புண்ணியம்தான்.

சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்கள். சங்கன் சிவபக்தன். பதுமன் திருமால் பக்தன். என் சாமிதான் பெரியவர்னு சங்கன், இல்லை என் சாமிதான்னு பதுமன். பேசிப் பேசித் தீரலை. கடைசியில ரெண்டு பேரும் அம்பாள்கிட்ட போய், "நீயே சொல்லு தாயே, யார் பெரியவர்?"னு கேட்டுட்டாங்க.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அம்பாள் யாரு? சிவபெருமானுக்குப் பத்தினி. திருமாலுக்குத் தங்கச்சி. ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் கூடப் பொறந்த அண்ணன். யாரைப் பெரியவர்னு சொன்னாலும் இன்னொருத்தரைக் குறைச்சதா ஆகும். கேட்ட ரெண்டு பேருக்கும் இது தோணவே இல்லை. அவங்களுக்கு அவங்க சண்டைக்குத் தீர்ப்பு வேணும், அவ்வளவுதான்.

அம்பாள் தீர்ப்புச் சொல்லலை. சிவபெருமான்கிட்ட போய், "நீங்களும் என் அண்ணாவும் ஒண்ணுன்னு இந்த உலகம் கண்ணால பார்க்கணும்"னு வேண்டினாள். பொதிகை மலைச் சாரல் பக்கம் புன்னைவனத்துல போய் தவம் பண்ணச் சொல்லி உத்தரவாச்சு. தேவமாதர்கள் பசுக்களா மாறி அம்பாள் கூடவே வந்தாங்க. அதனாலதான் கோமதின்னு பேர் வந்ததுன்னு சொல்லுவாங்க. 'கோ'ன்னா பசு. அதையே தமிழ்ல ஆவுடையம்மாள்னு சொல்றோம். எங்க பக்கம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. கோமதி, ஆவுடைத்தாய், கோமதிநாயகம், சங்கரநாராயணன், புன்னைவனம்னு பேரா வரும். இந்தத் தல புராணத்தை யாரும் புத்தகத்துல தேட வேண்டியதில்லை, தெருவுல பேர் சொல்லிக் கூப்பிட்டாலே போதும்.

அம்பாள் புன்னைவனத்துல ஊசி முனையில ஒத்தக்காலை ஊன்றித் தவம் இருந்தாள். ஆடி மாசப் பௌர்ணமி, உத்திராட நட்சத்திரம். அன்னிக்கு சுவாமி காட்சி கொடுத்தார். வலப் பாதி சிவன், இடப் பாதி திருமால். ஒரு பக்கம் சடைமுடி, மழு. இன்னொரு பக்கம் கிரீடம், சங்கு. அவர்தான் சங்கரநாராயணர். சங்கனும் பதுமனும் பார்த்தாங்க, வாயை மூடிக்கிட்டாங்க.

நான் வேலை பார்க்கிற இடத்துல ரெண்டு பேர் ஒரே கோப்பைத் திருத்திட்டா 'மெர்ஜ் கான்ஃபிளிக்ட்'னு வரும். யாரோ ஒருத்தர் எழுதினதை அழிச்சுத்தான் பெரும்பாலும் தீர்ப்போம். சங்கரநாராயணரைப் பார்க்கிறப்போ எனக்கு அது ஞாபகம் வரும். அங்க ஒரு வரிகூட அழியலை. சடையும் அப்படியே இருக்கு, கிரீடமும் அப்படியே இருக்கு. அந்தச் சன்னதியில திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு.

கோவிலுக்கு இதுவரை போகாதவங்களுக்கு: கிழக்கே பார்த்த ஒன்பது நிலை ராஜகோபுரம், 125 அடி உயரம். உள்ளே மூணு பெரிய சன்னதி. தெற்கே சங்கரலிங்க சுவாமி, நடுவில் சங்கரநாராயணர், வடக்கே கோமதி அம்பாள். சங்கரநாராயணர் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. அங்கே இருக்கிற ஸ்படிக லிங்கத்துக்குத்தான் அபிஷேகம். சங்கனும் பதுமனும் உண்டாக்கினதுன்னு சொல்ற நாகசுனைத் தெப்பமும் உள்ளேயே இருக்கு.

அம்பாள் சன்னதிக்கு முன்னால தரையில ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதுல ஸ்ரீசக்கரம் பிரதிஷ்டை ஆகியிருக்கு. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த வேலப்ப தேசிகர் பிரதிஷ்டை பண்ணினதுன்னு சொல்றாங்க. மனசு சரியில்லாதவங்களை அதுல உட்கார வெச்சு வேண்டிக்குவாங்க. ஒரு தடவை ஒரு அம்மா தன் வளர்ந்த பையனை அங்க உட்கார வெச்சுட்டு, அவன் தலையைத் தடவிக்கிட்டே நின்னதைப் பார்த்திருக்கேன். அவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான், அந்த அம்மா அழுதுக்கிட்டே இருந்தாங்க. அன்னிக்கு எனக்காக எதையும் வேண்டத் தோணலை.

புற்றுமண்ணைப் பத்தியும் சொல்லணும். சங்கரன்கோவில்ல பெரிய பிரசாதமே அதுதான். இது மண் தலம். எங்க பக்கத்துல பஞ்சபூதத் தலங்கள்னு அஞ்சு இருக்கு. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரி அன்னிக்கு அஞ்சையும் ஒரே நாள்ல சுத்தி வர்றவங்க நிறைய பேர். புற்றுமண்ணை நெத்தியில பூசுவாங்க, தோல் வியாதிக்குத் தடவுவாங்க, பூச்சி பாம்பு பயம் போக வீட்ல வெப்பாங்க. நானும் பூசுறேன், என் பையிலயும் ஒரு பொட்டலம் எப்பவும் இருக்கும்.

ஆனா ஒண்ணு. எங்க சொந்தத்துல ஒருத்தருக்கு வயல்ல பாம்பு கடிச்சப்போ, முதல்ல மண்ணைப் பூசிட்டு விடியட்டும்னு இருந்தாங்க. ஆள் பிழைச்சார், ஆனா விரல் போயிடுச்சு. அம்பாள் அப்படிக் காத்திருக்கச் சொல்லலை. பாம்பு கடிச்சா கடிவாயைக் கீறாம, இறுக்கிக் கட்டாம, அந்தக் காலை அசைக்காம நேரா அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கதான் இருக்கு. வண்டி போகுறப்போ கோமதித் தாயேன்னு கூப்பிடுங்க, கண்டிப்பா கேட்பாள். தோல் வியாதிக்கும் அப்படித்தான், டாக்டர் மாத்திரையும் சாப்பிடுங்க, மண்ணும் பூசுங்க. இதைச் சொன்னா பக்தி குறைஞ்சவன்னு என்னைத் திட்டுறவங்க திட்டட்டும்.

அந்தப் புத்துக்கும் ஒரு கதை உண்டு. புன்னைவனத்துக்குக் காவல் இருந்தவர் காவற்பறையன். அவர் புத்தை வெட்டினப்போ உள்ளே இருந்த பாம்போட வால்ல பட்டு ரத்தம் வந்துச்சு. பதறிப் போய்ப் பார்த்தா உள்ளே லிங்கம். ஓடிப் போய் உக்கிரபாண்டிய மன்னர்கிட்ட சொன்னார். மன்னர் வந்து கோவில் கட்டினார். கல்வெட்டுல பேர் வர்றது ராஜாவுக்குத்தான் வழக்கம், இல்லையா? ஆனா சுவாமி முதல்ல காட்சி கொடுத்தது தோட்டக் காவல்காரருக்கு. இன்னிக்கும் கதையைச் சொல்ற எல்லாரும் அவர் பேரைச் சொல்லாம தாண்ட முடியாது.

இப்போ எங்க ஆச்சி கதைக்கு வர்றேன். நான் எழுத வந்ததே இதுக்குத்தான்.

எங்க அப்பாவும் பெரியப்பாவும் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரே கிணறு, ரெண்டு பங்கு. தண்ணி முறையில ஆரம்பிச்சது. யாரு எந்தக் கிழமை மோட்டார் போடணும்கிறதுல வந்த பேச்சு, வளர்ந்து வளர்ந்து கல்யாண வீட்லகூட ஆளுக்கொரு பந்தியில உட்கார்ற அளவுக்குப் போயிடுச்சு. ஆச்சி எங்க வீட்ல இருக்கா. பெரியப்பா வீடு அடுத்த தெருதான்.

ஆடித்தபசு பன்னிரண்டு நாள் திருவிழா. கொடியேறினதும் ஜனங்க ஆடிச்சுற்று சுத்துவாங்க. கோவிலை 108 தடவை வலம் வர்றது. ஒரே நாள்ல முடியாதவங்க பிரிச்சு பிரிச்சு முடிப்பாங்க. ஆச்சி இந்தப் பதினோரு வருஷமும் சுத்தினா. இந்த வருஷம் முட்டி வீங்கி, வீட்டு வாசப்படி இறங்கவே முடியலை. நான் லீவு போட்டுட்டு வந்திருந்தேன். "ஏலே ஐயா, எனக்குப் பதிலா நீ சுத்துதியா?"ன்னு கேட்டா. சரின்னு ஆச்சியையும் கூட்டிக்கிட்டுப் போய், கோவில் வாசல்ல ஒரு ஓரமா உட்கார வெச்சுட்டுச் சுத்த ஆரம்பிச்சேன்.

நாப்பது சுத்துலயே எனக்குக் கால் கடுத்துப் போச்சு. வந்து உட்கார்ந்துட்டேன். "ஆச்சி, எதுக்கு இத்தனை சுத்து? ஒரு சுத்து சுத்தினா அம்பாளுக்குத் தெரியாதா?"ன்னு சலிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

"கால் வலிக்கா?"ன்னா.

"வலிக்கு."

"வலிக்கட்டும். அம்மா அங்ஙன ஒத்தக்கால்ல நிக்கா. அவளுக்கும் வலிக்கும்லா. அதுல கொஞ்சத்த நாம வாங்கிக்கிடுதோம். அதுக்குத்தான்லே சுத்து."

எனக்குப் பேச்சு வரலை. சின்ன வயசுலேர்ந்து தபசு பார்க்கிறேன். இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு தெரியாது. நாம எல்லாரும் அம்பாள்கிட்ட நம்ம வலியை எடுத்துக்கச் சொல்லிக் கேட்கத்தான் போறோம். இந்த ஜனங்க அம்பாளோட வலியை வாங்கிக்கிறதுக்குச் சுத்துறாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாவும் பெரியப்பாவும் சேரணும்னுதானே வேண்டுறீங்க? யார் மேல தப்புன்னு அம்பாளுக்குத் தெரியும்தானே?"ன்னேன். ஆச்சி சட்டுனு திரும்பினா.

"யாரு பக்கம் ஞாயம்னு அம்மாகிட்ட கேக்கப்படாதுலே. கேட்டா அவதான் ஒத்தக்கால்ல நிக்கணும். உங்கப்பனும் கேட்டான், உங்க பெரியப்பனும் கேட்டான், 'நீயே சொல்லு, யாரு ஞாயம்'னு. நான் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

அன்பர்களே, அதுக்கப்புறம் மீதி அறுபத்தெட்டுச் சுத்தையும் நான் எப்படிச் சுத்தினேன்னு எனக்கே தெரியாது.

சங்கனும் பதுமனும் கேள்வி கேட்டதோட சரி. தவம் இருந்தது யாரு? கால் கடுக்க நின்னது யாரு? சண்டை போடுறவங்க போட்டுட்டு ஒதுங்கிடுறாங்க, நடுவில நிக்கிறது அம்மாதான். எங்க பக்கத்துக் கோவில்களை யோசிச்சுப் பாருங்க. தேவதானத்துல சுவாமி நச்சாடை தவிர்த்தவர். சோழன் அனுப்பின விஷ ஆடையிலேர்ந்து பாண்டியனைக் காப்பாத்தினதால அந்தப் பேர். அங்க அம்பாள் பேர் தவம் பெற்ற நாயகி. வாசுதேவநல்லூர்ல மூலவரே அர்த்தநாரீஸ்வரர். பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் கும்பிடுவேன்னு வண்டா மாறி, அம்பாளை விட்டுட்டு சுவாமியை மட்டும் சுத்தினார். அதுக்கும் அம்பாள்தான் தவம் இருந்து பாதி உடம்பை வாங்கினாள். சிவகிரியைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் அம்மா தவத்துலதான் நிக்கிறாள். தாருகாபுரத்துல மட்டும் சுவாமியே மத்தியஸ்தநாதர், வழக்குத் தீர்த்து வெச்சவர். அங்க ஆச்சியை ஒரு தடவை கூட்டிக்கிட்டுப் போகணும். அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

ஏன், நம்ம முருகப் பெருமான் வீட்டிலேயே அண்ணன் தம்பிக்குள்ள ஒரு பழத்துக்குப் பிரச்சனை வரலையா? கோவிச்சுக்கிட்டு நம்ம ஆள் மலையேறிட்டார். பழனிக்குப் படியேறுறப்போ நாம ஆண்டவனைத்தான் நினைக்கிறோம். பெத்தவ மனசு என்ன பாடு பட்டிருக்கும்னு யாராவது நினைச்சோமா? அதே பிள்ளைக்கு சூரசம்ஹாரத்துக்குப் போறப்போ வேல் எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். சிக்கல்ல இன்னிக்கும் சஷ்டி விழாவில வேல்நெடுங்கண்ணி அம்பாள்கிட்ட வேல் வாங்குற நேரத்துல சிங்காரவேலர் திருமேனியில வியர்வை துளிர்க்குது. முருகன் குழுவில அம்மன் எதுக்குன்னு கேட்ட அன்பருக்கு என்னோட பதில் இவ்வளவுதான்.

தபசு அன்னிக்கு எங்க ஊர்ப்பக்கம் ஒரு வீட்லயும் ஆள் இருக்காது. அம்பாள் காலையிலேயே சப்பரத்துல புறப்பட்டு தபசு மண்டபத்துக்கு வந்துடுவாள். பகல் முழுக்க அங்கதான். சாயங்காலம் சுவாமி ரிஷப வாகனத்துல சங்கரநாராயணரா வருவார். அம்பாள் மூணு தடவை வலம் வந்து காட்சி வாங்குவாள். அந்த நேரத்துல விவசாயிகள் தங்கள் நிலத்துல விளைஞ்ச பருத்தி, வத்தல், தானியம், காய்னு எல்லாத்தையும் வாரி வீசுவாங்க. சூறை விடுறதுன்னு பேர். தலையில, தோள்ல எல்லாம் பருத்தி ஒட்டிக்கும். ராத்திரி மறுபடியும் சுவாமி யானை வாகனத்துல சங்கரலிங்கமா வந்து காட்சி கொடுப்பார். உலகத்துக்காக ஒரு உருவம் கேட்டு வாங்கின அம்மா, தனக்காக சுவாமியோட பழைய உருவத்தைக் கேட்டு வாங்குறா. எனக்கு ரெண்டாவது காட்சிதான் ரொம்பப் பிடிக்கும். கூட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், குழந்தைங்க எல்லாம் தோள்ல தூங்கிடும்.

அன்னிக்கு அப்பாவும் வந்திருந்தார். வத்தல் பையோட தெற்கு ரத வீதியில நின்னார். சூறை விட்டப்போ கண்ணு கலங்கியிருந்துச்சு. வத்தல் காரமா, வேற எதுவுமான்னு நான் கேட்கலை.

மறுநாள் ஆச்சி புற்றுமண்ணை ரெண்டு பொட்டலமா மடிச்சா. ஒண்ணை எங்க பூஜை அறையில வெச்சா. இன்னொண்ணை என் கையில கொடுத்து, "பெரியப்பன் வீட்ல குடுத்துட்டு வா"ன்னா. பெரியப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். வாங்கி, செருப்பைக் கழட்டிட்டு, கிழக்கே பார்த்து நின்னு நெத்தியில பூசினார். "உங்க ஆச்சி கால் எப்படி இருக்கு?"ன்னார். வீக்கம் இருக்குன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"உங்கப்பன் வந்தானா தபசுக்கு?"

"வந்தாங்க பெரியப்பா."

"எங்ஙன நின்னான்?"

"தெக்கு ரத வீதியில."

பெரியப்பா பொட்டலத்தை மறுபடியும் மடிச்சார். ரொம்ப மெதுவா மடிச்சார்.

"நானும் அங்ஙனதாம்டே நின்னேன்"ன்னார்.

கோமதித் தாயே சரணம்.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!